சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பீஸில் அடுத்த குறை ஏன் கண்ணில் படுவதில்லை? ஷேடும் ஏன் டார்க்காகத் தெரிகிறது?

செக்கிங்மேசை:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பீஸ் செக்கிங் என் பொறுப்பு. 11 வருஷமாக இதே வேலை. இரண்டு விஷயங்கள் ரொம்ப நாளாக மண்டையைக் குடைகின்றன. கண், மூளை பற்றிப் படித்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

எங்கள் மேசையில் குறை ஒன்று பட்டதும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி பீஸைத் தனியே போடுவோம். அது சரிசெய்து திரும்பி வந்ததும் இன்னொரு தடவை பார்த்து, ஸ்டிக்கரை எடுத்துவிட்டு அயர்னிங்குக்கு அனுப்புவோம். போன மாதம் நேவி கலர் ரவுண்ட் நெக் ஆர்டர் ஒன்று பையர் தரப்பு இன்ஸ்பெக்‌ஷனில் ஃபெயில் ஆகிவிட்டது. ஃபெயிலான பீஸ்களை எல்லாம் நானே மேசையில் பரப்பி உட்கார்ந்து பார்த்தேன். அதில் நிறைய பீஸ் ஏற்கெனவே ஒரு தடவை ஸ்டிக்கர் வாங்கியவை, பசைத் தடம் இருந்தது. கீழ் மடிப்பில் எண்ணெய்க் கறை என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம், கறையும் சுத்தமாகப் போயிருக்கிறது, ஆனால் அதே பீஸில் அக்குளுக்குக் கீழே தையல் விட்டுப்போய் விரல் நுழையும் அளவுக்குத் திறந்து கிடக்கிறது. இரண்டு பேர் கையைத் தாண்டி வந்திருக்கிறது அது.

இரண்டாவது விஷயம் ஷேடு, அதாவது நிறத்தின் அழுத்தம். சந்தேகமான பீஸ்களை இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்து "எது டார்க்" என்று கேட்போம். ஸ்டிக்கர் ஒட்டிய பீஸ் எதுவோ அதைத்தான் டார்க் என்று பெரும்பாலும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஸ்டிக்கரை உரித்துவிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது.

மேலே இருப்பவர்கள் இதைக் கவனக்குறைவு என்று எழுதி இரண்டு பேருக்கு ஒரு நாள் கூலியைப் பிடித்துவிட்டார்கள். அதில் ஒரு அக்கா எனக்கு முன்னாலிருந்தே செக்கிங்கில் இருப்பவர், எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். அன்று அவர் மதியம் சாப்பிடவே இல்லை. அவர் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அது கவனமில்லாத பார்வை இல்லை. அப்படியென்றால் எது? கண் கோளாறா, மூளையே இப்படித்தான் வேலை செய்யுமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள், எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

விழித்திரை:

அக்கா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த அக்காவின் கண்ணிலும் கோளாறு இல்லை, கவனத்திலும் இல்லை. பார்வை உளவியலில்தான் ஆய்வு செய்கிறேன், நீங்கள் சொன்ன இரண்டுமே இந்தத் துறையில் 40 வருஷத்துக்கு மேலாக அலசிக்கொண்டிருக்கும் விஷயங்கள். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு இடம்தான் ஒரு சமயத்தில் நமக்குத் துல்லியமாகத் தெரியும். செக்கிங் மேசை தூரத்தில் அது ஒரு ரூபாய் நாணயம் அளவு. மீதி பீஸ் முழுவதும் மங்கல்தான், ஆனால் மங்கல் என்று நமக்குத் தோன்றாது, ஏனென்றால் கண் விநாடிக்கு மூன்று தடவை போலத் தாவிக்கொண்டே இருக்கிறது. அடுத்த தாவல் எங்கே என்பதை மங்கலான பகுதியிலிருந்து வரும் தகவலை வைத்தே மூளை முடிவு செய்தாக வேண்டும். அதாவது பார்ப்பதற்கு முன்னாலேயே எதைப் பார்ப்பது என்று ஒரு தேர்வு நடந்து முடிந்துவிடுகிறது. அந்தத் தேர்வில் முதல் இடம் எடுப்பாகத் தெரிவதற்கு. இந்தத் துறையில் சேலியன்ஸ் என்பார்கள், நான் எடுப்பு என்றே எழுதுகிறேன்.

எடுப்பு என்பது பொருளுக்குள் இருக்கும் குணம் இல்லை, சுற்றியிருப்பதிலிருந்து அது எவ்வளவு விலகி நிற்கிறது என்பதுதான் கணக்கு. பார்வைத் தகவல் மூளையின் மேற்பரப்பில் முதலில் வந்து சேரும் பகுதிக்கு வி1 என்று பெயர். அங்கே பக்கத்துப் பக்கத்து நரம்பணுக்கள் ஒரே மாதிரியான தூண்டலைப் பெற்றால் ஒன்றை ஒன்று அடக்கிக்கொள்ளும். நேவித் துணி முழுக்க ஒரே நிறம், ஒரே பின்னல், அதைப் பார்க்கும் அணுக்கள் எல்லாம் பரஸ்பரம் குரலைக் குறைத்துக்கொள்கின்றன. நடுவில் ஒரு சிவப்புத் துண்டு. அந்த அணுவை அடக்க அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை, அதன் குரல் மட்டும் ஓங்கிக் கேட்கிறது. இந்த அடக்குதலே எடுப்பைக் கணக்கிடும் வழி, வி1 பகுதியிலேயே அந்த வேலை முடிந்துவிடுகிறது என்று லி ஜாவோபிங் 2002 முதல் வாதாடி வருகிறார். எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை, எனக்கு அவர் பக்கம் சாய்வு உண்டு.

1980-ல் ஆன் ட்ரீஸ்மனும் கேரி ஜெலாடும் காட்டியது இன்னும் எளிமையானது. பச்சை எழுத்துகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு எழுத்து இருந்தால், சுற்றி 5 எழுத்து இருந்தாலும் 30 இருந்தாலும் கண்டுபிடிக்க ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். தானாகவே கண்ணில் வந்து விழுகிறது. ஆனால் நிறமும் வடிவமும் இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டிய ஒன்றைத் தேடச் சொன்னால் எழுத்து கூடக் கூட நேரமும் கூடிக்கொண்டே போகிறது, ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கிறது. 1985-ல் கிறிஸ்டோஃப் கோக், ஷிமோன் உல்மன் இருவரும், நிறம், சாய்வு, அசைவு எல்லாவற்றின் எடுப்பும் மூளையில் ஒரே வரைபடத்தில் வந்து சேர்கிறது, அதில் எந்தப் புள்ளி உச்சமோ அங்கே கவனம் போகிறது என்று ஒரு மாதிரியை முன்வைத்தார்கள்.

இப்போது உங்கள் பீஸுக்கு வருகிறேன். நேவித் துணியில் சிவப்பு ஸ்டிக்கர், வரைபடத்தில் உச்சம். அக்குளில் தையல் விட்ட இடம் என்ன? கருநீலத் துணி, அதற்குள்ளே இருட்டு, பின்பக்கம் தெரிவதும் அதே கருநீலம். வரைபடத்தில் அது பள்ளம். இதற்கு நேராகப் பொருந்தும் ஒரு பரிசோதனை உண்டு. 1992-ல் யான் தேவ்ஸ் செய்தது. பச்சை டைமண்ட் வடிவங்களுக்கு நடுவே ஒரு பச்சை வட்டத்தைத் தேடச் சொன்னார். டைமண்டுகளில் ஒன்றை மட்டும் சிவப்பாக்கினார். நிறத்துக்கும் உங்கள் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று முன்கூட்டியே சொல்லியும், அந்தச் சிவப்பு இருந்தால் வட்டத்தைக் கண்டுபிடிக்கத் தாமதமானது. வேண்டாம் என்று தெரிந்தும் கண் இழுபடுகிறது.

ஷேடு விஷயம் இதைவிடச் சுவையானது, ராத்திரி எழுதுகிறேன்.

லைன்_இன்சார்ஜ்:

எல்லாம் சரி. நானும் இதே தொழில்தான். ஒரு பீஸுக்கு எத்தனை விநாடி கொடுக்கிறீர்கள் என்பதை ஏன் யாரும் கேட்கவில்லை? ஷிப்மென்ட் நெருங்கினால் அரை நிமிஷத்துக்குள் ஒரு பீஸ் போகணும் என்பார்கள். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை, கழுத்து, உள்பக்கத் தையல் எல்லாம் அந்த நேரத்துக்குள். மூளை எப்படி வேலை செய்தாலும் நேரம் கொடுக்காமல் யாரைக் குறை சொல்வது?

செக்கிங்மேசை:

நீங்கள் சொல்வது நிஜம்தான் அண்ணா. ஆனால் நேரம் இருந்த நாளிலும் இது நடந்தது, அதனால்தான் கேட்டேன். அவசரத்தில் தப்பினால் எல்லா இடத்திலும் தப்ப வேண்டும், ஸ்டிக்கர் வாங்கிய பீஸில் மட்டும் ஏன் இவ்வளவு?

எக்ஸ்ரே_அறை:

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கதிரியக்கப் பிரிவில் மருத்துவர். எங்கள் தொழிலிலும் அச்சு அசலாக இதே பிரச்சினை இருக்கிறது, அதற்குப் பேரே இருக்கிறது, தேடல் திருப்தி என்று சொல்லலாம். ஒரு படத்தில் ஒரு முறிவைக் கண்டுபிடித்துவிட்டால் அதே படத்தில் இருக்கும் இரண்டாவது முறிவைத் தவறவிடும் வாய்ப்பு கூடிவிடுகிறது. ஒன்று கிடைத்துவிட்டது என்ற நிறைவில் நிறுத்திவிடுகிறோம் என்றுதான் முன்பு நினைத்தார்கள். கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தபோது, நிறுத்துவதில்லை, தொடர்ந்து தேடத்தான் செய்கிறார்கள் என்பது தெரிந்தது. தேடியும் தப்புகிறது. கிடைத்த குறையை மனதில் பிடித்துக்கொண்டிருக்கும் சுமை ஒரு காரணம், அதே மாதிரிக் குறையையே மறுபடி தேடும் பழக்கம் இன்னொரு காரணம். கறையைக் கண்டவர் அடுத்தும் கறையைத்தான் தேடுவார், தையலை இல்லை.

பயிற்சிக் காலத்தில் எனக்கே நடந்தது. விபத்தில் வந்தவரின் மார்புப் படம், தோள்பட்டை எலும்பு முறிந்திருப்பது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது, அதை எழுதினேன். கீழே ஒரு விலா எலும்பில் மெல்லிய கீறல். சீனியர் காட்டிய பிறகு அது எப்படித் தெரியாமல் போனது என்றே புரியவில்லை. நல்லவேளையாக நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்றுவரை பெரிய முறிவு ஒன்றைப் பார்த்தால் எனக்கு அந்தப் படம் நினைவுக்கு வரும்.

2013-ல் ட்ராஃப்டன் ட்ரூ, மெலிசா வோ, ஜெரமி வுல்ஃப் மூவரும் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன், உங்கள் மேலாளரிடம் இதைக் காட்டுங்கள். நுரையீரல் சிடி ஸ்கேனில் சின்னக் கட்டிகளைத் தேடச் சொல்லி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு ஸ்கேனில் கொரில்லா உருவம் ஒன்றைச் செருகியிருந்தார்கள், தேடும் கட்டியைப் போல 48 மடங்கு பெரிது. 24 பேரில் 20 பேர் அதைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றாலும், அவர்களில் பெரும்பாலோரின் கண் நேராக அந்த இடத்திலேயே போய் நின்றிருக்கிறது என்று கருவி காட்டியது. கண் பட்டும் கருத்தில் படவில்லை. கட்டி வெள்ளையாக இருக்கும், கொரில்லா கறுப்பு. வெள்ளையைத் தேடும் மூளை கறுப்பைத் தள்ளிவிடுகிறது. அவர்கள் எல்லாம் பல வருஷம் படித்துத் தேறியவர்கள். அவர்கள் யாருக்கும் யாரும் கூலி பிடிக்கவில்லை.

இன்னொன்று. குறை அரிதாக வரும்போது தப்புவதும் கூடும். வுல்ஃப் குழுவே 2005-ல் காட்டியது: தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது 7 சதவீதம்தான் தவறவிட்டார்கள், 100-ல் ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம். உங்கள் ஓப்பன் சீம், அதாவது தையல் விட்டுப்போன குறை, எத்தனை பீஸுக்கு ஒன்று வருகிறது? கறை அடிக்கடி, ஓப்பன் சீம் அபூர்வம் என்றால் கணக்கு அங்கேயும் உங்களுக்கு எதிராகத்தான். விமான நிலையங்களில் பைகளைப் பார்க்கும் ஸ்கேனர்களில் நடுநடுவே பொய்யான ஆயுதப் படத்தைக் காட்டுவது இதற்காகவும்தான். நீங்களும் குறை உள்ள பீஸ் சிலவற்றை அடையாளம் வைத்துக் கலந்துவிட்டுப் பார்க்கலாம். பிடிக்க இல்லை, கண்ணைப் பழக்க.

சாயலேப்:

ஷேடு பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். டையிங் லேபில் 19 வருஷம்.

பக்கத்தில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்து நிறம் மாறித் தெரிவது எங்கள் தொழிலில் பழைய கதை. பாரிஸில் கோப்லான் என்ற திரைச்சீலை நெசவுக்கூடம் உண்டு, அங்கே சாயப் பிரிவுக்கு 1824-ல் ஷெவ்ருல் என்ற வேதியியலாளரைப் போட்டார்கள். கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்தால் வெளுத்துத் தெரிகிறது என்று புகார். அவர் வேறு இடங்களில் சாயமேற்றிய கறுப்புக் கம்பளி நூலை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றுகிறது. 1839-ல் இதை ஒரு பெரிய நூலாகவே எழுதினார். அதனால் அக்கா, சிவப்பு ஸ்டிக்கரை நேவி மேல் ஒட்டி ஷேடு கேட்பதே முதலில் தப்பு. நாங்கள் ஸ்டாண்டர்டையும் (ஒப்பிடும் மாதிரித் துணி) லாட்டையும் (சாயமேற்றிய தொகுதி) வைக்கும்போது அதன் மேல் ஊசி முனை அளவு மார்க்கர் கோடுகூட இருக்கக் கூடாது என்போம்.

உங்கள் மேசையில் செய்ய வேண்டியது: லைட் பாக்ஸில் டி65, அதாவது பகல் வெளிச்சம் மாதிரியான விளக்கைப் போடுங்கள், உள்சுவர் சாம்பல் நிறமாக இருக்கட்டும், இரண்டு பீஸையும் இடைவெளி விடாமல் விளிம்போடு விளிம்பு சேர்த்து வையுங்கள், ஒரு தடவை பார்த்துவிட்டு இடது வலது மாற்றி வைத்து மறுபடி பாருங்கள். மாற்றியதும் பதில் மாறினால் அது ஷேடு வித்தியாசம் இல்லை. சிவப்பு பீஸ் நிறையப் பார்த்த கண்ணோடு உடனே பச்சைக்குப் போகாதீர்கள், கொஞ்ச நேரம் சாம்பல் சுவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே மேசையில் ஷேடு பார்ப்பது வீண் வேலை.

விழித்திரை:

சாயலேப் அண்ணன் சொன்ன ஷெவ்ருல் விஷயம் மிகச் சரி. ஆனால் அக்கா சொல்வதில் இன்னொரு பங்கும் இருக்கலாம் என்று நினைக்கிறேன், அதுதான் நான் மிச்சம் வைத்தது.

2004-ல் மரிசா கராஸ்கோவும் சாம் லிங், சாரா ரீட் இருவரும் ஒரு பரிசோதனை செய்தார்கள். திரையின் நடுவில் ஒரு புள்ளி, அதைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் மங்கலான கோடுபோட்ட வட்டங்கள். அவை தோன்றுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஏறக்குறைய ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு இருக்கும், ஒரு பக்கத்தில் சின்னக் கறுப்புப் புள்ளி மின்னி மறையும். அந்தப் புள்ளிக்கு அர்த்தம் எதுவும் கிடையாது என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. கேள்வி: எந்த வட்டத்தின் கோடுகள் அழுத்தமாக இருக்கின்றனவோ அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? இரண்டும் நிஜத்தில் ஒரே அழுத்தம்தான். ஆனால் புள்ளி மின்னிய பக்கத்தைத்தான் அதிகம் பேர் அழுத்தம் என்றார்கள். இரண்டும் சமம் என்று சொல்ல வைக்க, மற்ற பக்கத்தின் அழுத்தத்தை நிஜமாகவே கூட்ட வேண்டியிருந்தது. கவனம் ஈர்க்கப்பட்ட இடம் அழுத்தமாகவே தெரிகிறது என்பது அவர்கள் முடிவு. 2006-ல் அதே ஆய்வகத்தில் நிறத்தை வைத்துச் செய்தபோது நிறத்தின் செறிவு கூடித் தெரிந்தது, சிவப்பு சிவப்பாகவேதான் இருந்தது, நிறம் வேறொன்றாக மாறவில்லை. உங்கள் ஆட்கள் "டார்க்" என்று சொல்வதும் இதற்கு நெருக்கமாகத்தான் தோன்றுகிறது எனக்கு. ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: அங்கே மின்னி மறையும் புள்ளி, இங்கே ஒட்டியே இருக்கும் ஸ்டிக்கர். இரண்டும் ஒன்று என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இதற்கு எதிர்ப்பும் வந்தது, அதில்தான் உங்களுக்குப் பயன்படும் விஷயம் இருக்கிறது. கீத் ஷ்னைடரும் மார்சல் கொம்லோஸும் 2008-ல் சொன்னார்கள்: கவனம் தோற்றத்தை மாற்றவில்லை, தீர்ப்பைத்தான் சாய்க்கிறது. இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது, ஆனாலும் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அப்போது மனம் எடுப்பாக இருப்பதை நோக்கிச் சாய்ந்துவிடுகிறது. அதனால் "எது அதிகம்" என்று கேட்காமல் "இரண்டும் சமமா இல்லையா" என்று கேட்டார்கள், அப்படிக் கேட்டபோது வித்தியாசம் காணாமல் போனது. 2010-ல் கராஸ்கோ தரப்பு அதே சமக் கேள்வியை வைத்தே பதில் கொடுத்தது, சரியாக அளந்தால் அதிலும் வித்தியாசம் தெரிகிறது என்று. சண்டை முழுசாக ஓயவில்லை. தோற்றமும் கொஞ்சம் மாறுகிறது, தீர்ப்பும் கொஞ்சம் சாய்கிறது, பங்கு எவ்வளவு என்பதுதான் சண்டை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் மேசையிலேயே இதைப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு சுற்றில் "எது டார்க்" என்று கேளுங்கள். இன்னொரு சுற்றில் அதே பீஸ்களை வைத்து "எது வெளுப்பு" என்று கேளுங்கள். ஸ்டிக்கர் பீஸ் நிஜமாகவே டார்க்காகத் தெரிகிறது என்றால், இரண்டாவது கேள்விக்கு அவர்கள் ஸ்டிக்கர் இல்லாததைக் காட்ட வேண்டும். எப்படிக் கேட்டாலும் ஸ்டிக்கர் பீஸையே கை காட்டினால், கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை, பதில்தான் ஸ்டிக்கர் பக்கம் சாய்கிறது என்று அர்த்தம். கராஸ்கோவின் முதல் ஆய்விலேயே இப்படிக் கேள்வியைத் திருப்பிப் போட்டுச் சோதித்திருக்கிறார்கள். கேள்வியைத் திருப்பினால் பதிலும் திரும்பியது.

மூளையில் எடுப்பும் தீர்ப்பும் எங்கே சந்திக்கின்றன என்று கேட்டால், பக்கவாட்டு மேல்பகுதியில் எல்ஐபி என்ற இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1998-ல் ஜாக்குலின் காட்லீப், மகோட்டோ குசுனோகி, மைக்கேல் கோல்ட்பர்க் மூவரும் குரங்குகளில் பார்த்தார்கள். திரையில் சில வடிவங்கள் அசையாமல் ரொம்ப நேரமாக இருக்கின்றன. குரங்கு கண்ணை நகர்த்தும்போது அதில் ஒன்று, அவர்கள் அளந்துகொண்டிருந்த நரம்பணு கவனிக்கும் இடத்துக்குள் வருகிறது. அணு ஏறக்குறைய சும்மா இருக்கிறது. அதே வடிவம் அப்போதுதான் புதிதாகத் தோன்றியிருந்தாலோ, அல்லது குரங்கு தேட வேண்டியது அதுதான் என்றாலோ, அணு பலமாகச் சமிக்ஞை விடுகிறது. முன்னால் இருப்பதையெல்லாம் அது படம் எடுத்து வைப்பதில்லை, எது முக்கியமோ அதை மட்டும் குறிக்கிறது. இரண்டு வழியில் முக்கியமாகலாம்: தானாகத் துருத்திக்கொண்டு, அல்லது நாம் தேடுவதால். இதே பகுதியில், திரையில் அசையும் புள்ளிகள் இடப்பக்கம் போகின்றனவா வலப்பக்கமா என்று குரங்கு தீர்மானிக்கும்போது, ஆதாரம் சேரச் சேர அணுக்கள் சமிக்ஞை விடும் வேகம் ஏறுவதை மைக்கேல் ஷாட்லனும் வில்லியம் நியூசமும் காட்டினார்கள். அப்படியானால் தீர்ப்பு அங்கேதான் உருவாகிறது என்று நினைத்திருந்த நேரத்தில், 2016-ல் ஒரு குழு அந்தப் பகுதியை மருந்தால் தற்காலிகமாக அணைத்துப் பார்த்தது. அசைவுத் தீர்ப்பு பெரிதாகக் கெடவில்லை. ஆக எடுப்பு தீர்ப்புக்குள் எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பது இன்னும் திறந்த கேள்வி. என் ஆய்வும் அதை ஒட்டியதுதான், ராத்திரி தூக்கம் வராமல் இருப்பதும் அதனால்தான்.

இன்னும் ஒன்று, தேவ்ஸ் பற்றிச் சொன்னேனே, அதற்கு மறுபக்கம் இருக்கிறது. 1994-ல் பேகனும் எகெத்தும், வித்தியாசமான எதையாவது தேடு என்ற மனநிலையில் இருந்தால்தான் சிவப்பு இழுக்கிறது, குறிப்பிட்ட ஒரு வடிவத்தைத் தேடு என்று வைத்துக்கொண்டால் இழுப்பு அடங்குகிறது என்று காட்டினார்கள். "குறை இருக்கிறதா பார்" என்று சொல்வதற்கும் "இப்போது தையல் மட்டும் பார்" என்று சொல்வதற்கும் மூளையில் அவ்வளவு வித்தியாசம்.

லைன்_இன்சார்ஜ்:

கடைசியாகச் சொன்னது உருப்படியான யோசனை. தையலுக்கு ஒரு பார்வை, கறைக்கு ஒரு பார்வை. நேரம் கூடத்தான் ஆகும், ஆனால் ஃபெயிலானால் மொத்த லாட்டையும் பிரித்துத் திரும்பப் பார்க்கும் நேரத்தை யோசித்தால் இது ஒன்றுமே இல்லை.

செக்கிங்மேசை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

முதலில் ஸ்டிக்கர். குறை இருக்கும் இடத்தில் ஒட்டுவதை நிறுத்தவில்லை, குறையைச் சரிசெய்யும் ஆல்டர் தையல்காரருக்கு இடம் தெரிய வேண்டும். ஆனால் சரிசெய்து திரும்பி வந்ததும், செக்கிங் ஆளிடம் போவதற்கு முன்னால் கைமடிக்கும் பெண் ஸ்டிக்கரை உரித்துவிட வேண்டும் என்று வைத்தேன். ஸ்டிக்கர் இல்லாமல் வந்தால் புதுப் பீஸ் மாதிரி கழுத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். முன்பெல்லாம் பீஸ் கைக்கு வந்ததும் கண் நேராக அம்புக்குறிக்குப் போகும், அங்கே சரியாகிவிட்டதா என்று பார்ப்பார்கள், கை தானாக மடிக்க ஆரம்பித்துவிடும். இதை இத்தனை வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஷேடுக்கு இரண்டு கேள்வியும் கேட்டேன், நான்கு பேரிடம், தனித்தனியாக. மூன்று பேர் "எது டார்க்" என்றால் ஸ்டிக்கர் பீஸ், "எது வெளுப்பு" என்றால் மற்றது. ஆக அவர்களுக்கு நிஜமாகவே டார்க்காகத்தான் தெரிகிறது. ஒருவர் மட்டும் எப்படிக் கேட்டாலும் ஸ்டிக்கர் பீஸையே காட்டினார். நான்கு பேரை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது என்று தெரியும் தம்பி, ஆனால் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போது ஷேடு பார்ப்பதை மேசையிலிருந்து லைட் பாக்ஸுக்கு மாற்றிவிட்டோம், சாயலேப் அண்ணன் சொன்ன மாதிரி இடது வலது மாற்றியும் வைக்கிறோம்.

அப்புறம் அந்த அக்கா. விழித்திரை தம்பி எழுதியதை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "பள்ளம்" என்று சொன்னாரே, அந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். இருட்டு மேல் இருட்டு, அதனால்தானே தெரியவில்லை என்று கேட்டார். எழுந்து போய் பேக்கிங்கிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்து வந்து, கையின் அகலத்துக்கு வெட்டி, ஒரு நேவி பீஸின் கைக்குள் அக்குள் வரைக்கும் விட்டுக் காட்டினார். தையல் விட்ட இடத்தில் வெள்ளை பளீரென்று கோடாகத் தெரிகிறது. தேட வேண்டியதே இல்லை. இப்போது டார்க் கலர் ஓடினால் எல்லா மேசையிலும் இரண்டு அட்டை இருக்கிறது.

மருத்துவர் சொன்ன கொரில்லா ஆய்வை மேலாளரிடம் சொல்லியிருக்கிறேன். பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுக்க எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. வந்ததும் இங்கே சொல்கிறேன்.

சாயலேப்:

அட்டை மிகவும் நல்ல யோசனை, அந்த அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒன்று மட்டும்: வெள்ளை பீஸ் ஓடும்போது அட்டையைக் கறுப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். ஷேடு பார்க்கும்போது மறக்காமல் இரண்டு அட்டையையும் வெளியே எடுத்துவிடுங்கள்.